சூரிய ஒளிவினையூக்கம்: நீரில் கலந்த ஆன்டிபயாடிக் நீக்கம்

சூரிய ஒளிவினையூக்கம் என்பது, வெயில் பட்டதும் செயல்படும் வினையூக்கிகளைக் கொண்டு நீரிலுள்ள கரிம மாசுகளைச் சிதைக்கும் முறை. சிப்ரோபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளின் ஒரு பகுதி, உட்கொண்டவர் உடலில் மாறாமலேயே சாக்கடையை அடைகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் அவற்றை முழுமையாக அகற்றுவதில்லை. நீரில் எஞ்சும் மருந்து, அதற்கு மசியாத பாக்டீரியாக்கள் பெருக வழிசெய்கிறது.

செயல்முறை
வினையூக்கியான குறைகடத்தித் துகள் ஒளியை உறிஞ்சும்போது ஓர் எலக்ட்ரான் கிளர்ந்தெழ, அதன் இடத்தில் நேர்மின் துளை உண்டாகிறது. இவை நீருடனும் கரைந்துள்ள ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து ஹைட்ராக்சில் போன்ற தனி உறுப்புகளைத் தோற்றுவிக்கின்றன. அவையே மருந்து மூலக்கூறுகளை உடைக்கின்றன.

வரலாறு
டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியில் சாயங்களை வெளுக்கச் செய்வதை 1938இல் குடீவ், கிச்சனர் ஆகியோர் ஆராய்ந்தனர். 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதே பொருளால் ஒளியில் நீரைப் பிரித்துக் காட்டியபின் துறை விரிந்தது. 1976இல் கேரி குழுவினர் குளோரின் ஏறிய பைபீனைல்களையும், 1977இல் ஃபிராங்க், பார்ட் ஆகியோர் சயனைடையும் நீரில் சிதைத்தனர். ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது சுமார் 5 விழுக்காடே. கண்ணுறு ஒளியிலும் இயங்கும் கார்பன் நைட்ரைடு 2009இல் அறிவிக்கப்பட்டது, பின்னர் ஆன்டிபயாடிக் சிதைவு ஆய்வுகளிலும் இடம்பெற்றது.

இந்தியாவில்
ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்ததை 2007இல் லார்சன் குழுவினர் வெளியிட்டனர். ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எச்சங்களுக்கு வரம்பு விதிக்கும் வரைவை ஒன்றிய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி விதிகளில் அவ்வரம்புகள் இல்லை.

காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய ஆறுகளில் டிரைக்ளோசான் என்னும் பாக்டீரியா எதிர்ப்புப் பொருள் இருப்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. சோப்பு, பற்பசை வழியே பரவும் இது மருந்தன்று; எனினும் வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஆற்றை எட்டுவதற்கு இது சான்று. தாமிரபரணியில் திருநெல்வேலிக்கும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கும் கீழே, கடலை நெருங்கும் கடைமடையில் உள்ள ஏரல் போன்ற ஊர்களை, மேலே கலப்பவை அனைத்தும் பாதிக்கக்கூடும்.

வரம்புகள்
ஆய்வகத் தூய நீரில் விரைவாக நடக்கும் வினை ஆற்றுநீரில் தளர்கிறது. கலங்கல் ஒளியை மறைக்கிறது. பைகார்பனேட்டும் மட்கிய கரிமப் பொருளும் தனி உறுப்புகளைத் தாமே உண்டுவிடுகின்றன. அரைகுறையாகச் சிதைந்த மருந்துத் துண்டுகளுக்கும் வீரியம் எஞ்சலாம். நீரில் தூவிய நுண்தூளைத் திரும்பப் பிரிப்பது கடினம் என்பதால், கண்ணாடி போன்ற பரப்புகளில் பூசியும் பயன்படுத்துகின்றனர். இக்காரணங்களால், ஓடும் ஆற்றைவிட, மருத்துவமனை, மருந்து ஆலை ஆகியவற்றின் கழிவுநீர் வெளியேறும் இடமே இம்முறைக்கு ஏற்றது.