பந்திவஞ்சனை இல்லாத விருந்து



நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சிக்குச் சிவப்புத் திராட்சரசமே ஏற்றது என்பது மேற்கத்திய விருந்துகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. அதற்குக் காரணமும் உண்டு. பழத்தின் தோலோடு சேர்த்துப் புளிக்கவைக்கப்படுவதால் இந்த ரசத்துக்கு நிறமும் துவர்ப்பும் உண்டாகின்றன. துவர்ப்பு வாயை வறட்டும்; கொழுப்பும் புரதமும் மிகுந்த இறைச்சி அதைத் தணிக்கும். எந்த உணவோடு எந்தப் பானம் சேரும் என்பதே அந்த விதியின் கேள்வி. வேதாகமத்திலும் சுட்ட இறைச்சியும் திராட்சரசமும் ஒரே பந்தியில் சேருகின்றன. அங்கே எழும் கேள்வியோ, அந்தப் பந்தியில் யாரோடு யார் சேர்ந்து உட்காருகிறார்கள் என்பது. அந்த வரலாற்றை இந்த வாரம் சிந்திப்போம்.

யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பஸ்கா ஆட்டுக்குட்டியைப் பச்சையாகவோ தண்ணீரில் வேகவைத்தோ புசிக்கலாகாது. நெருப்பில் சுட்டே புசிக்கவேண்டும். கூடவே புளிப்பில்லாத அப்பமும் கசப்பான கீரையும் இருக்கவேண்டும். ஒரு குட்டியைப் புசித்து முடிக்க ஆள் போதாத வீடு, அயல்வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். விடியற்காலம்வரை எதையும் மீதியாக வைக்கக்கூடாது. தனித்து உண்பதற்கும் பதுக்கி வைப்பதற்கும் இடமில்லாதபடி தேவன் அந்த முதல் பஸ்காவை ஒழுங்குபண்ணினார்.

அந்த அதிகாரத்தில் திராட்சரசம் சொல்லப்படவில்லை. அது பிற்காலத்தில் பஸ்காவோடு சேர்ந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபிலிகள் என்னும் யூத நூல், பஸ்கா இறைச்சியோடு திராட்சரசம் அருந்தியதைக் குறிப்பிடுகிறது. ஒவ்வொரு பலிக்கும் பத்துப் பேருக்குக் குறையாமல் கூடினார்கள் என்று வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, ஆட்டுக்குட்டியை மாதுளை மரக் கம்பில் கோத்துச் சுடவேண்டும் என்கிறது. ஆளுக்கு நான்கு பாத்திரம் திராட்சரசம் வேண்டும் என்றும் விதிக்கிறது.

இந்த விதியின் தொடர்ச்சி கவனிக்கத்தக்கது. இஸ்ரவேலின் மிக ஏழையான மனிதனுக்கும் நான்கு பாத்திரத்துக்குக் குறையக்கூடாது. அவன் தர்ம உணவால் பிழைப்பவனாயிருந்தாலும், ஊரார் அதை அவனுக்குக் கொடுக்கவேண்டும். அவனும் சுயாதீனரைப்போலச் சாய்ந்து அமர்ந்தே புசிக்கவேண்டும். அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டவர்களின் இரவில் ஒருவன் மட்டும் அடிமையைப்போல் நின்றுகொண்டு உண்டால், அந்த விருந்தே பொய்யாகிவிடும் அல்லவா?

இனி, ரோம உலகத்தின் பந்தியைப் பாருங்கள். நம் முன்னோர் பந்திவஞ்சனை என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். ஒரே வரிசையில் அமர்ந்தவர்களுக்கு முகம் பார்த்துப் பரிமாறும் அந்தப் பாவம் ரோமருக்குப் பாவமாகவே தோன்றவில்லை. இளைய பிளினி என்னும் ரோம எழுத்தாளர், தாம் கண்ட ஒரு விருந்தைக் கடிதமொன்றில் விவரிக்கிறார். வீட்டுக்காரர் திராட்சரசத்தை மூன்று தரமாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் தரம் தமக்கும் முக்கிய விருந்தினருக்கும். அடுத்தது சாதாரண நண்பருக்கும். கடைசித் தரம் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்களுக்கும். உணவும் அவ்வாறே பங்கிடப்பட்டது. பிளினிக்கு அது பிடிக்கவில்லை. தம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே ரசம்தான் என்கிறார். செலவு ஏறாதா என்ற கேள்விக்கு அவர் தந்த பதிலின் சாரம் இது: அவர்கள் என் ரசத்தைக் குடிப்பதில்லை; அவர்கள் குடிப்பதை நான் குடிக்கிறேன்.

கொரிந்து பட்டணம் அந்த ரோம உலகத்தைச் சேர்ந்தது. கி.மு. 146இல் ரோமரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44இல் யூலியு சீசரால் மறுபடியும் ரோமக் குடியேற்றமாக நிறுவப்பட்டது. அங்கே சபை வீடுகளில் கூடியது. வசதியுள்ள வீட்டின் உணவறையில் மூன்று சாய்மஞ்சங்கள் இருக்கும். மஞ்சத்துக்கு மூவராக ஒன்பது பேர் சாய்ந்திருப்பது வழக்கம். அதற்கு மேல் வந்தவர்களுக்கு முற்றமே இடம். வேலை முடிந்து பிந்தி வரும் அடிமைகளையும் கூலியாட்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் வந்து சேரும்போது பாத்திரங்கள் காலியாகியிருக்கும்.

1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் பவுல் கடிந்துகொள்வது இதையே. ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான். அந்தக் கடிந்துரையின் நடுவிலேதான், ஆண்டவர் தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்த நிகழ்ச்சியை அவர் நினைப்பூட்டுகிறார். நம் ஆராதனையில் வாசிக்கப்படும் திருவிருந்து வார்த்தைகள், பந்திவஞ்சனை செய்த ஒரு சபையைத் திருத்துவதற்காக எழுதப்பட்டவை. சரீரத்தை நிதானித்து அறிவது என்று அவர் சொல்லும்போது, பக்கத்தில் பசியோடு நிற்கும் சகோதரனையும் நிதானித்து அறியவேண்டும் என்பதை நாம் மறக்கலாகாது.

சில ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 57ஐ ஒட்டி, பவுல் ரோமருக்கு நிருபம் எழுதினார். எழுதிய இடம் கொரிந்து என்பதே வேத அறிஞர் பெரும்பாலோர் கருத்து. அந்த நிருபத்தின் 14ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தில் இறைச்சியும் திராட்சரசமும் அருகருகே வருகின்றன. இரண்டும் தீட்டானவை என்று அவர் சொல்லவில்லை. எல்லாம் சுத்தமானது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் சகோதரன் இடறுவானானால் இரண்டையும் விட்டுவிடுவதே நல்லது என்கிறார். ஏனெனில் அந்தச் சகோதரனுக்காகக் கிறிஸ்து மரித்திருக்கிறார்.

இந்த வசனத்தைக் கைக்கொண்டவர்கள் பின்னாளிலும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வைன்லாந்து என்னும் ஊரில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற மெதடிஸ்டுப் பல் மருத்துவர் இருந்தார். அவர் 1869இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாக்கும் முறையைக் கண்டார். தம் சபையின் திருவிருந்தில் மயக்கம் தராத ரசத்தை வழங்குவதே அவர் நோக்கம்.

பிரியமானவர்களே, நம் நடுவிலும் குடியை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளையும் போராடிக் கடக்கிற சகோதரர் இருக்கிறார்கள். தகப்பனின் குடியால் படிப்பை இழந்த பிள்ளைகளும், கணவனின் குடியால் தாலியை அடகு வைத்த சகோதரிகளும் நம் அருகில்தான் அமர்ந்து பாடுகிறார்கள். திருமண விருந்தில் நண்பருக்காகத் தனியறையில் மது வைக்கும்போது, அவர்கள் முகம் நம் கண்முன் வரட்டும். உங்களுக்கு அது சுயாதீனமாய்த் தோன்றலாம். அவர்களுக்கோ அது மரணத்துக்குத் திரும்பும் வழியாகலாம். அதுபோலவே, நம் ஐக்கிய விருந்தில் பெரியவர்களுக்கு முதல் பந்தியும், சமைத்தவர்களுக்கும் ஆலயத்தைப் பெருக்கியவர்களுக்கும் அடிச்சட்டியும் கிடைக்குமானால், கொரிந்து நமக்குத் தூரமானதல்ல.

வருகிற திருவிருந்துக்கு ஆயத்தப்படும்போது, நம் பந்தியில் இடம் கிடைக்காதவர் யார் என்று நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். அந்த ஒருவரை அழைத்து, நம் அருகில் அமரச் செய்து, நாம் புசிப்பதையே அவருக்கும் பரிமாறுவோம்.

ஜெபம்: எங்களுக்காகப் பலியான பஸ்கா ஆட்டுக்குட்டியாகிய ஆண்டவரே, உமது பந்தியில் எங்களுக்கு வஞ்சனையில்லாமல் இடம் தந்தீர். எங்கள் பந்திகளையும் அப்படியே ஆக்கியருளும். பலவீனமான சகோதரனுக்காக எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் அன்பைத் தாரும். ஆமென்.