எக்ஸாட்டிக் ஸ்போர்ட்ஸ் கார்கள்: வேகம், எண்ணிக்கை, விருப்பம்

எக்ஸாட்டிக் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பந்தயக் காரின் தொழில்நுட்பத்தோடு, ஆனால் சாலையில் ஓடும் தகுதியோடு, மிகக் குறைந்த எண்ணிக்கையில் தயாராகும் விலை உயர்ந்த கார். இன்ஜின் பெரும்பாலும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இருக்கைகள் பொதுவாக இரண்டு. டிக்கி பெயருக்குத்தான். 1966-ல் வந்த லம்போர்கினி மியூராவிலிருந்து இந்த வகையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்.

இந்தக் கார்களை மூன்று அளவுகோல்களால் ஒப்பிடுகிறார்கள்: செயல்திறன், எத்தனை கார்கள் தயாராயின என்ற கணக்கு, ஓட்டுபவரின் தனிப்பட்ட விருப்பம். மூன்றும் ஒரே காரைக் கைகாட்டுவது அபூர்வம். ஓட்டத்தில் ஜெயித்த கார் ஏலத்தில் பின்தங்கும். விரல்விட்டு எண்ணக்கூடிய கார் விலை போகாமல் கிடக்கும். 1980களின் நடுவிலிருந்து 1990களின் கடைசி வரை விற்பனைக்கு வந்த போர்ஷே 959, ஃபெராரி எஃப்40, ஜாகுவார் எக்ஸ்ஜே220, புகாட்டி ஈபி110, மெக்லாரன் எஃப்1 ஆகிய ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த முரண்பாடு நன்றாகத் தெரியும்.

போர்ஷே 959-உம் ஃபெராரி எஃப்40-உம்

எக்ஸாட்டிக் கார்களைப் பற்றிய வாக்குவாதம் எங்கே தொடங்கினாலும் இந்த ஜோடியில் வந்து நிற்கும். இரண்டுக்கும் ஆதி ஒன்றுதான்: 1982-ல் நடைமுறைக்கு வந்த ‘குரூப் பி’ பந்தய விதி. பந்தயத்தில் இறங்க வேண்டுமானால் அந்தக் காரில் 200-ஐயாவது தயாரித்துக் காட்ட வேண்டும் என்றது அது. போர்ஷே தன் மாதிரிக் காரை 1983-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தது. ஃபெராரி 288 ஜிடிஓ-வை 272 எண்ணிக்கையில் தயாரித்து, அதிலிருந்து ‘எவோலுசியோனே’ என்ற முரட்டு வடிவம் ஒன்றையும் உருவாக்கியது. 1986 மே மாதம் கோர்சிகா ராலியில் ஹென்ரி டோய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநரும் விபத்தில் இறந்தார்கள். அந்த ஆண்டோடு ராலியில் குரூப் பி-க்கு மூடுவிழா. கையில் இருந்த வேலையை இரண்டு நிறுவனங்களும் சாலைக்குத் திருப்பின; ஆனால் நேர் எதிரான இரண்டு திசைகளில்.

ஹெல்முத் போட் தலைமையில் உருவான 959, பொறியாளர்களின் ஆசைப்பட்டியல் முழுவதும் நிறைவேறிய கார். 2.85 லிட்டர், ஆறு சிலிண்டர், 450 பிஎஸ். இரண்டு டர்போக்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. குறைந்த ஆர்பிஎம்-ல் ஒன்று மட்டும் சுழலும், வேகம் ஏறியதும் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். நான்கு சக்கரங்களுக்கும் எவ்வளவு சக்தி போக வேண்டும் என்பதைக் கணினி நொடிக்கு நொடி முடிவு செய்யும். டயரில் காற்று இறங்கினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். 1980களில் இதெல்லாம் ஆய்வுக்கூடச் சமாச்சாரம். 1986 பாரிஸ்–டக்கார் ராலியில் ரெனே மெட்ஷ் 959-ஐ ஓட்டி முதலிடம் பிடித்தார். இரண்டாம் இடம் இன்னொரு 959-ல் வந்த ஜாக்கி இக்ஸுக்கு. சஹாரா மணலைத் தாண்டிய அதே அடிப்படையில்தான், தோல் இருக்கையும் ஏசியும் வைத்த சாலைக் கார் வந்தது. 0–100 கி.மீ. வேகத்துக்கு 3.7 விநாடி, டாப் ஸ்பீடு மணிக்கு 317 கி.மீ. விலை 4,20,000 ஜெர்மன் மார்க். அந்த விலைக்கு விற்றும் ஒவ்வொரு காரிலும் போர்ஷேவுக்கு நஷ்டம்தான்.

எஃப்40, 1987 ஜூலை 21 அன்று மரனெல்லோவில் அறிமுகமானது. நிறுவனத்தின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி வந்த கார் அது. அப்போது என்ஸோ ஃபெராரிக்கு வயது 89; மறு ஆண்டு ஆகஸ்ட்டில் காலமானார். அவர் உயிரோடு இருந்து வெளியிட்ட கடைசி ஃபெராரி இதுதான். நிக்கோலா மட்டெராட்ஸியின் பொறியியல், பினின்ஃபாரினாவின் வடிவமைப்பு, 2.9 லிட்டர் வி8, இரட்டை டர்போ, 478 பிஎஸ்.

கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் இந்தக் காரின் குணம் புரிந்துவிடும். உள்பக்கக் கைப்பிடி கிடையாது. ஒரு கேபிள் தொங்கும், அதை இழுத்தால் கதவு திறக்கும். தரையில் கம்பளம் இல்லை. ஸ்டீரியோ இல்லை. கார்பன் பலகைகளை ஒட்டிய பசையின் கோடு மறைக்கப்படாமல் தெரியும். ஆரம்பகாலக் கார்களில் ஜன்னல் பிளாஸ்டிக்கால் ஆனது. நகர்த்தித்தான் திறக்க வேண்டும். எடை கூடும் என்பதால் பெயின்ட்டைக்கூடச் சிக்கனமாக அடித்தார்கள். சில இடங்களில் உற்றுப் பார்த்தால் சிவப்புக்கு அடியில் கார்பன் இழைகளின் நெசவு தென்படும். பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ் எதுவும் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, டர்போ விழித்துக்கொண்டதும் எல்லாம் ஒரேயடியாக வரும். டாப் ஸ்பீடு 324 கி.மீ. என்று ஃபெராரி அறிவித்தது.

காகிதத்தில் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. 959-ன் எடை 1,450 கிலோ. எரிபொருளும் எண்ணெயும் ஊற்றாத எஃப்40-ன் எடை 1,100 கிலோ. இந்த எடைக் கணக்கில்தான் தந்திரம். ஒருவர் டேங்க் நிரப்பி நிறுத்திப் பார்க்கிறார், இன்னொருவர் காலி வயிற்றோடு நிறுத்துகிறார். இரண்டு எண்களையும் அப்படியே எடுத்து ஒப்பிடும் பட்டியல்கள் இன்றும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கின்றன. நனைந்த சாலையிலும் பழக்கமில்லாத கைகளிலும் 959 வேகமான கார் என்பதில் சந்தேகமில்லை. காய்ந்த தடத்தில், தேர்ந்த கைகளில் எஃப்40 சிலிர்க்க வைக்கும். செயல்திறன் என்று சொல்லும்போது யார், எங்கே ஓட்டுகிறார் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பாதி அர்த்தம்தான்.

டாப் ஸ்பீடு என்னும் கணக்கு

டாப் ஸ்பீடு சாதனைகளை நம்புவதற்கு முன் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். 1992-ல் இத்தாலியின் நார்தோ வட்டப்பாதையில் ஜாகுவார் எக்ஸ்ஜே220 மணிக்கு சுமார் 342 கி.மீ. தொட்டது. புகையைச் சுத்தமாக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி, ஆர்பிஎம் வரம்பையும் உயர்த்திய பிறகு அதே கார் 349 கி.மீ. வரை போனது. ஜாகுவார் ரசிகர்கள் எந்த எண்ணைச் சொல்வார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

1998 மார்ச் 31 அன்று ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகனுக்குச் சொந்தமான ஏரா-லெஸியன் சோதனைத் தடத்தில் ஆண்டி வாலஸ் மெக்லாரன் எஃப்1-ஐ ஓட்டினார். இரண்டு திசைகளிலும் ஓடி எடுத்த சராசரி 386.4 கி.மீ.; டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது மலைக்க வைக்கும் வேகம். ஆனால் அந்தக் காரிலும் ஆர்பிஎம் வரம்பு உயர்த்தப்பட்டிருந்தது. 2010-ல் புகாட்டி வேரான் சூப்பர் ஸ்போர்ட் அதே தடத்தில் 431 கி.மீ. எடுத்தது. வாடிக்கையாளர்களுக்குப் போன கார்களிலோ 415 கி.மீ.க்கு மேல் போகாதபடி பூட்டு. 2013-ல் இதைச் சுட்டிக்காட்டிப் புகார் கிளம்ப, கின்னஸ் அந்தச் சாதனையை ஒதுக்கி வைத்துப் பிறகு திருப்பிக் கொடுத்தது. 2019-ல் புகாட்டி ஷிரான் 490 கி.மீ.யைத் தாண்டியபோது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் அதே ஆண்டி வாலஸ், தடமும் அதே ஏரா-லெஸியன். இந்த முறை ஒரு திசையில் மட்டும்தான் ஓட்டினார்கள். காற்றின் உதவியைக் கழிக்க இரு திசைச் சராசரி கேட்பவர்கள் இதைச் சாதனையாக ஏற்பதில்லை.

எண்ணிக்கை

குறைவாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாக் குறைவும் ஒன்றல்ல. 288 ஜிடிஓ பந்தய விதி கேட்டதால் குறைந்த எண்ணிக்கையில் பிறந்தது. 1995-ல் வந்த ஃபெராரி எஃப்50 திட்டமிட்டுக் குறைக்கப்பட்டது: 350 பேர் வாங்குவார்கள் என்று மதிப்பிட்டு, சந்தை கேட்பதைவிட ஒன்று குறைவாக, 349 தயாரித்தார்கள். என்ஸோ என்று நிறுவனரின் பெயரையே வைத்த அடுத்த கார் 399-ல் நிற்க வேண்டியது. நானூறாவதாக ஒன்றைச் செய்து போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். 2005 ஜூனில் மரனெல்லோவில் சோதபீஸ் நடத்திய ஏலத்தில் அது 9,50,000 யூரோவுக்குப் போனது. பணம், நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை, ஆச்சே வரை கரைகளை வாரிச் சுருட்டிய 2004 டிசம்பர் சுனாமியின் நிவாரணத்துக்கு.

விற்காமல் போனதால் அரிதான கார்களும் உண்டு. எக்ஸ்ஜே220-ன் கதை அதற்குப் பாடம். 1988-ல் பர்மிங்காமில் காட்டியபோது வி12 இன்ஜின், நான்கு சக்கர இயக்கம் என்றார்கள். 50,000 பவுண்ட் முன்பணம் கட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். கிடைக்கப்போவது அதிகபட்சம் 350. கார் கைக்கு வந்தபோது இருந்தது வி6, பின்சக்கர இயக்கம். அந்த வி6-ன் மூலம் எம்ஜி மெட்ரோ என்ற சின்னக் காரின் ராலி வடிவத்துக்காகச் செய்த இன்ஜின். இதற்குள் விலை ஏறியிருந்தது, பொருளாதாரமோ இறங்கியிருந்தது. ஒப்பந்தத்திலிருந்து நழுவப் பார்த்த வாடிக்கையாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில் தயாரானவை 280-ஐ ஒட்டி. உண்மையில், டர்போ வி6 பழைய வி12-ஐவிட எடை குறைந்தது, சக்தி கூடியது. காருக்கு நல்லதே நடந்தது. ஆனால் 12 என்று கனவு கண்டவர்களிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

ஈபி110-ன் நிலை அதைவிட மோசம். எத்தோரே புகாட்டியின் 110-வது பிறந்தநாளான 1991 செப்டம்பர் 15 அன்று பாரிஸில் ஆரவாரமாக வெளியிட்டார், அப்போது புகாட்டி நிறுவனத்தை நடத்திய ரொமானோ அர்த்தியோலி. 3.5 லிட்டர் வி12, நான்கு டர்போ, 60 வால்வு, நான்கு சக்கர இயக்கம். மைக்கேல் ஷூமாக்கர் மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கினார். 1995-ல் நிறுவனம் திவாலானது. இத்தாலியின் காம்போகல்லியானோவில் எழுப்பிய தொழிற்சாலை காலியானது. தயாரானவை 140 அளவில்.

இப்போது விலையைப் பார்க்கலாம். எஃப்40-ஐ 400 போலத் தயாரிக்க நினைத்த ஃபெராரி 1,300-க்கும் மேல் தயாரித்தது. 959 சுமார் 300தான். எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் 959 பல மடங்கு விலை போக வேண்டும். ஏலங்களிலோ பொதுவாக எஃப்40-தான் மேலே நிற்கிறது. எக்ஸ்ஜே220 இரண்டுக்கும் கீழே. சிக்கலும் தொழில்நுட்பமும் மலிந்த காரைச் சந்தை மரியாதையோடு பார்க்கிறது, ஆனால் காசை எளிய, முரட்டுக் காருக்குக் கொடுக்கிறது.

அரிதாக இருப்பது சட்டத்தில் உதவிய சம்பவமும் உண்டு. மோதல் சோதனையில் நொறுக்குவதற்கு 959-களைத் தர போர்ஷே தயாராக இல்லை. அதனால் அமெரிக்கச் சாலையில் அந்தக் காருக்கு அனுமதி இல்லை. பில் கேட்ஸ் இறக்குமதி செய்த 959 பத்தாண்டுக்கும் மேலாகச் சுங்கத் துறையின் பிடியில் கிடந்தது. 1990களின் இறுதியில் வந்த ‘ஷோ ஆர் டிஸ்ப்ளே’ விதி, வரலாற்று அல்லது தொழில்நுட்ப முக்கியத்துவம் உடைய, உலகில் 500-க்கு மேல் தயாராகாத கார்களுக்கு விலக்கு கொடுத்தது. ஆண்டுக்கு 2,500 மைல்தான் ஓட்டலாம் என்பது நிபந்தனை.

விருப்பம்

மெக்லாரன் எஃப்1-ல் மூன்று அளவுகோல்களும் ஏறக்குறைய ஒன்றுசேர்கின்றன. கார்டன் மரே வகுத்த இந்தக் காரில் ஓட்டுபவர் நடுவில் அமர்வார், இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு பயணிகள். பிஎம்டபிள்யூவின் பால் ரோஷே செய்து கொடுத்த 6.1 லிட்டர் வி12, 627 பிஎஸ். எடை 1,138 கிலோ. வெப்பத்தைத் திருப்பியனுப்ப இன்ஜின் அறைக்குத் தங்கத் தகடு போர்த்தினார்கள். 1995-ல் இதன் பந்தய வடிவம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. இவ்வளவு இருந்தும் 1990களில் விற்பனை மந்தம். 300 தயாரிக்க நினைத்து 106-ல் நிறுத்தினார்கள், அதிலும் சாலைக்கென்று செய்தவை 64 மட்டுமே. 2021-ல் பெபிள் பீச்சில், 400 கி.மீ.கூட ஓடாத ஒரு எஃப்1 2,04,65,000 டாலருக்கு ஏலம் போனது. ஓட்டுவதற்கென்று வகுத்த கார்களில் ஓட்டாமலே வைத்திருந்ததற்கு அதிக விலை கிடைப்பது இந்தச் சந்தையின் விசித்திரங்களில் ஒன்று.

அந்த எஃப்1-ஐ வகுத்த மரே அன்றாடம் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு ஓட்டியது ஹோண்டா என்எஸ்எக்ஸ். 1990-ல் வந்த அலுமினியக் கார். 3 லிட்டர் வி6, சுமார் 270 குதிரைத்திறன். உருவாக்கத்தின்போது அயர்டன் சென்னா ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்ன கார் அது. எண்ணிக்கை 18,000 அளவில். அரிது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபெராரியின் பக்கத்தில் நிறுத்தினால் சக்தியும் குறைவு. ஆனால் ஜன்னல் வழியே நாற்புறமும் நன்றாகத் தெரியும், ஏசி வேலை செய்யும், கிளட்ச் காலை வலிக்க வைக்காது. கரடுமுரடான சாலையில் சஸ்பென்ஷன் காட்டிய பக்குவத்தைப் பார்த்துத்தான் எஃப்1-க்கு அளவு வைத்ததாக மரே பலமுறை எழுதியும் பேசியும் இருக்கிறார்.

2020-ல் அவர் தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் டி.50-ஐ வெளியிட்டார். மறுபடியும் நடுவில் ஓட்டுநர் இருக்கை, கையால் மாற்றும் ஆறு கியர், நிமிடத்துக்கு 12,100 சுற்று வரை போகும் 3.9 லிட்டர் வி12, 986 கிலோ எடை, 100 கார்கள். டாப் ஸ்பீடுக்கோ, பந்தயத் தடத்தில் ஒரு சுற்றை எத்தனை விநாடியில் முடிக்கிறது என்பதற்கோ அதில் இலக்கே வைக்கவில்லை.