ஹெர்ப்பிஸ் இரத்தப் பரிசோதனை: எல்லைக்கோட்டு முடிவும் பொய் பாசிட்டிவும்

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவதே இந்தச் சோதனை. வைரசை அது நேரடியாகக் காண்பதில்லை. அதனால் சில முடிவுகள் உண்டு, இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுகின்றன. சில, இல்லாத தொற்றை இருப்பதாகச் சொல்லிவிடுகின்றன.

வைரசில் இரு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் தருவது. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு அது உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. குடும்பத்தில் சண்டை மூட்டுவது, பெரும்பாலும் பிறப்புறுப்பில் புண் தரும் இரண்டாம் வகைக்கான ஐஜிஜி எதிர்ப்பொருள் சோதனைதான். பரவலாகப் பயன்படும் எலிசா சோதனையில் குறியீட்டெண் 0.9க்குக் கீழ் என்றால் நெகட்டிவ், 1.1க்கு மேல் பாசிட்டிவ், இடைப்பட்டது எல்லைக்கோடு. சிக்கல் 1.1க்கும் 3க்கும் நடுவில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்றே அச்சாகும்; ஆனால் அதில் பொய் மிகுதி, அதிலும் முதல் வகைத் தொற்று உள்ளவர்களிடம். வேறொரு முறையில் மறுசோதனை செய்யாமல் இதை ஏற்க வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டி. ஐஜிஎம் சோதனையோ வகையைப் பிரித்துக் காட்டாது; பழைய தொற்று திரும்பும்போதும் பாசிட்டிவ் ஆகும். அதைக் கேட்காமலிருப்பதே நல்லது.

கணக்கும் இதையே சொல்கிறது. 1000 பேரில் 50 பேருக்குத்தான் தொற்று என்று கொள்வோம். தொற்றில்லாத 950 பேரில் 5 சதவீதம் தவறினாலே 47, 48 பொய் பாசிட்டிவ் வந்துவிடும். கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு நிற்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயே இல்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சோதனை ஒரு பெண்ணை எட்டுவது பெரும்பாலும் கருச்சிதைவுக்குப் பின் எழுதித் தரப்படும் 'டார்ச்' என்ற தொற்றுச் சோதனைப் பட்டியல் வழியாக. அடுத்தடுத்த கருச்சிதைவுக்கு அந்தப் பட்டியலை வழக்கமாகச் செய்வதைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011இலேயே சொல்லிவிட்டது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருபவருக்கு மறுசோதனை என்றால் இன்னொரு நாள் கூலி போகும். தேவையில்லாத முதல் சோதனையைத் தவிர்ப்பதே அவருக்குச் செய்யும் உதவி.

உண்மையில் புண் இருப்பவருக்கு இந்த இரத்தச் சோதனை அவசியமே இல்லை. அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளுக்காக உள்ள சுகவாழ்வு மையங்களில் புண்ணைப் பார்த்தே சிகிச்சை தொடங்குகிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சிவப்பு நிற மருந்துப் பெட்டியில் அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரை 21 இருக்கும். வேளைக்கு ஒன்றாக, நாளுக்கு மூன்று வேளை, 7 நாள். உறுதிப்படுத்த வேண்டுமானால் புதுக் கொப்புளத்திலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து பிசிஆர் செய்யலாம்.

புண்ணே வராதவரின் பாசிட்டிவ் எண் 3க்குக் கீழ் இருந்தால், தொற்று நேர்ந்திருக்கக்கூடிய நாளிலிருந்து 12 வாரம் கழித்து வேறு கிட்டில் சோதிக்க வேண்டும். சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வெஸ்டர்ன் பிளாட் சோதனையை இறுதிச் சொல்லாகக் கருதுவார்கள். இங்குள்ளவர்களுக்கு அது எட்டாத தூரம். உறுதியான பாசிட்டிவ்கூட, தொற்று எந்த ஆண்டு வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. கணவரையோ மனைவியையோ அந்தத் தாளை வைத்து விசாரிக்க முடியாது.