ஒரு கொழுத்த ஆடும் பார்புடாக் காணியும்

ஒரு முழுத் தீவுக்கும் குத்தகை ஒரு கொழுத்த செம்மறியாடு என்றால் யாரும் நம்ப மாட்டாங்க. கரீபியன் கடலிலுள்ள பார்புடாவைக் கொட்ரிங்டன் குடும்பம் அப்படித்தான் வைத்திருந்தது. 1685இல் ஆங்கிலேய முடியிடம் எடுத்த குத்தகை 1705இல் புதுப்பிக்கப்பட்டபோது, முடி கேட்டால் மட்டும் கொடுக்கவேண்டியது அந்த ஆடு. 1870 வரை, சுமார் 160 சதுர கிலோமீற்றர் தீவு ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது.

மழை குறைந்த சுண்ணாம்புக்கல் பூமி, கரும்புக்குச் சரிவராது. ஆகவே, பக்கத்துத் தீவான அன்டிகுவாவிலிருந்த தங்கள் கரும்புத் தோட்டங்களுக்கு இறைச்சி, விறகு, கரி அனுப்பும் இடமாக அதை வைத்துக்கொண்டார்கள். உழைத்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். தங்கள் வயிற்றுக்குத் தாங்களே தோட்டம் செய்தார்கள், மீன் பிடித்தார்கள். 1834இல் விடுதலை கிடைத்தபோது சுமார் 500 பேர் அங்கே இருந்தார்கள்.

அவர்கள் காணியைப் பங்கு போடவில்லை. மண் மெலிந்தது, ஓரிடத்தில் சில வருடம் பயிர் செய்தால் அதை ஆறவிட்டு வேறிடம் போகவேணும். ஆடுமாடு திறந்தவெளியில் மேயும். ஆளுக்கொரு வேலி போட்டால் இந்த முறையே நடக்காது. பொதுக்காணி என்பது அங்கே பிழைப்பின் கணக்கு.

1904ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை முடியின் குடியிருப்பாளர் என்றது. 1981இல் அன்டிகுவாவோடு சேர்ந்து சுதந்திரம் வந்தது. 2007இல்தான் காணி மக்களின் பொதுவுடைமை என்றும், பெரிய திட்டங்களுக்கு அவர்களின் சம்மதம் வேணும் என்றும் சட்டம் எழுதப்பட்டது. 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி வீடுகளைப் பிய்த்தெறிய, சனம் முழுவதும் அன்டிகுவாவுக்கு ஏற்றப்பட்டது. அவர்கள் திரும்பி வீடு கட்டிமுடிக்க முன்னரே, 2018இல், அந்தச் சட்டம் இல்லாமல் போனது.

அதற்கு முந்திய உல்லாச விடுதித் திட்டமொன்று பற்றிய வழக்கு, 1971 வரை எங்கட நாட்டு மேன்முறையீடுகளும் போன அதே இலண்டன் கோமறைக் கழகத்துக்குப் போனது. 2022இல் தீர்ப்பு வந்தது: பார்புடா மக்களின் காணியுரிமை அரசியலமைப்பு பாதுகாக்கும் ‘சொத்து’ அல்ல.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான்: ஆட்டுக்குக் கொடுத்த குத்தகைப் பத்திரம் உரிமை, பல தலைமுறை செய்த தோட்டம் உரிமையில்லையாம்! வரலாறு எழுதும் நாங்களும் முதலில் பத்திரத்தைத்தான் தேடுறோம். யார் எங்கே பயிர் செய்தார், எந்தக் கிணற்றில் மாட்டுக்குத் தண்ணி காட்டினார் என்ற முதியோரின் வாய்மொழியையும், அவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்கவேணும்.