பவழப் பாறைகளின் உற்பத்தி

வெப்பமண்டலக் கடல்களில், பவழப் பூச்சி என்று நாம் வழங்கும் சிறு பிராணிகளின் சுண்ணாம்புக் கூடுகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து உண்டாகும் திட்டே பவழப் பாறை. ஈழத் தமிழர் அதன் கல்லை முருகைக்கல் என்பர். உண்மையில் பவழப் பூச்சி பூச்சியன்று. பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவேயுள்ள, கடற்சாமந்திக்கு உறவான பிராணி. பகலில் தன் கிண்ணத்துள் ஒடுங்கிக் கிடந்து, இரவில் உணர்கொம்புகளை விரித்து இரை பற்றும். ஆயினும் அதன் ஆகாரத்தில் பெரும்பகுதி, அதன் சரீரத்திலேயே குடியிருக்கும் ஓரணுப் பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு ஆக்கித் தருவதாகும். ஆதலின் ஒளி எட்டாத ஆழத்திலும், குளிர்ந்த நீரிலும், சேறு கலங்கும் ஆற்று முகத்துவாரங்களிலும் பாறை எழுவதில்லை.

கூடுகள் குவிந்தால் மட்டும் பாறையாகிவிடாது. அலை முறித்த கிளைகளும், கிளியலகு போன்ற பற்களையுடைய மீன்கள் கொறித்துக் கழித்த மணலும், சிப்பியோடுகளும் இடுக்குகளை நிரப்ப, அவற்றின்மேல் இளஞ்சிவப்பான சுண்ணப் பாசி படர்ந்து, கொத்தன் சாந்து பூசியதுபோல் யாவற்றையும் இறுக்கிவிடுகிறது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், நீர் பெரும் பனிப்படலங்களாக உறைந்திருந்தமையால், கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகி நீர் ஏற ஏற, பவழமும் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் உயர்ந்து வெளிச்சத்தைத் தொடர்ந்தது. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாறையின் தற்கால மேற்பகுதி இங்ஙனம் வளர்ந்ததே.

ஆனால் ஆழ்கடலின் நடுவே வளையமாய் எழும் தீவுகளுக்கு இது மட்டும் சமாதானமாகாது. அவை எரிமலை வாயின் விளிம்பில் அமைந்தவை என்று புவியியல் அறிஞர் லயல் கருதினார். டார்வினோ, மெய்யான பவழப் பாறையைக் கண்ணால் காணுமுன்பே, தென்னமெரிக்கக் கரையில் இருந்தபோது, வேறொரு சித்தாந்தத்தை மனத்தில் வகுத்துக்கொண்டார்: எரிமலைத் தீவு மெல்ல அமிழ, கரையை ஒட்டியிருந்த பாறை மேல்நோக்கி வளர்ந்து, முதலில் தடுப்புச் சுவராகி, மலை முழுதும் மறைந்தபின் உப்பங்கழியைச் சூழ்ந்த வளையமாகிறது என்பதே அது. 1836இல் அத்தகைய வளையத் தீவுகளான கீலிங் தீவுகளைப் பார்த்தார். 1842இல் இச்சித்தாந்தத்தை விளக்கும் நூலை வெளியிட்டார். பெருஞ்செல்வர் ஒருவர் முன்வந்து இத்தகைய வளையத் தீவுகளைத் துளையிட்டுப் பார்க்கமாட்டாரா என்று 1881இல், தம் மரணத்துக்கு முந்திய ஆண்டில், ஒரு கடிதத்தில் ஆசைப்பட்டார்.

1896 முதல் 1898 வரை பசிபிக் கடலின் வளையத் தீவான ஃபுனாஃபுட்டியில் ஏறக்குறைய 340 மீட்டர் துளைத்தும் அடித்தளம் எட்டவில்லை. 1952இல் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெட்டாக்கில், 1,200 மீட்டருக்கும் மிகுதியான சுண்ணாம்புக் கல்லைக் கடந்து, துளைக்கருவி எரிமலைக் கல்லில் முட்டியது. துளைத்தது பெருஞ்செல்வர் எவருமல்லர். அணுகுண்டுச் சோதனையை முன்னிட்டு அங்கே வந்திருந்த அமெரிக்க அரசாங்கம்.