குதிகால் வலி: மாத்திரைக்கு முன் செய்ய வேண்டியவை

ஃபஜ்ருக்கு எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தியதுபோல் சுருக்கென்று ஒரு வலி. பத்து இருபது அடி நடந்ததும் குறைந்துவிடுகிறது. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே வலி. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். எக்ஸ்ரே எடுத்தவர்கள், "எலும்பில் முள் வளர்ந்திருக்கிறதாம்" என்று பயந்துபோய்ச் சொல்வார்கள்.

பெரும்பாலும் பிரச்சினை முள்ளில் இல்லை. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவை, வில்லை நாண் இழுத்துப் பிடிப்பதுபோல் பிடித்திருப்பது அதுதான். தூங்கும்போது பாதம் தளர்ந்து கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் இந்தப் பட்டை சுருங்கியே கிடக்கிறது. எழுந்தவுடன் உடல் எடை முழுவதும் இறங்க, அது சட்டென்று இழுபடுகிறது. முள்ளைப் பொறுத்தவரை, வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அது தெரியும்.

சேந்தமங்கலத்தில் இந்த வலிக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கடையில் காலை முதல் இரவுவரை நிற்பவர்கள், தறிப்பட்டறையில் நிற்பவர்கள், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையலறையிலேயே பாதி நாளைக் கழிக்கும் பெண்கள், தேய்ந்த ரப்பர் செருப்போடு ஊரெல்லாம் சுற்றும் நாம் எல்லோரும் இதில் அடக்கம். உடல் எடை கூடினால் சுமையும் கூடும். கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கு இந்தப் பட்டை இன்னும் அதிகமாக இழுபடும். வலிக்கும் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதால் சில வாரங்களில் முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்குகின்றன. அப்போது இடுப்புக்கென்று தனியாக மாத்திரை வாங்குகிறோம்.

இயன்முறை மருத்துவர்கள், அதாவது பிசியோதெரபிஸ்ட்டுகள், முதலில் சொல்லித் தரும் பயிற்சிக்குக் காசு செலவில்லை. கட்டிலை விட்டு இறங்கும் முன்பே செய்ய வேண்டியது. வலிக்கும் காலை மற்றக் காலின் முழங்கால்மேல் போட்டு, கால் விரல்களைக் கையால் பிடித்து முன்னங்கால் பக்கமாக மேலே இழுங்கள். பாதத்தின் அடியில் நார் விறைப்பது மறு கைக்குத் தட்டுப்படும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. அமெரிக்காவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், குதிகால் நரம்பை மட்டும் நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட இப்படிச் செய்தவர்களுக்கு எட்டு வாரத்தில் நல்ல குணம் தெரிந்தது.

வலி சற்றுக் குறைந்ததும் அடுத்தது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, சுவரைப் பிடித்தபடி குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். குணமாகச் சில மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். நான்கு நாளில் பலன் இல்லையென்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

செங்கல்லைச் சுடவைத்து, எருக்கன் இலையைப் போட்டு அதன்மேல் குதிகாலை வைத்து எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதமான சூடு தற்காலிக ஆறுதல் தரும். ஆனால் சர்க்கரை நோயாளிகள் இதைச் செய்யவே கூடாது. நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைவரை போவதுண்டு. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால் செங்கல் வைத்தியத்தை வீட்டில் தடுத்துவிடுங்கள். ஒளுச் செய்தபின் அவர்களின் விரல் இடுக்குகளில் ஈரம் போகத் துடைத்து, வெடிப்பு, புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. ஒரு நாளைக்கு ஐந்து முறை பாதத்தைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

தொழுகையில் அத்தஹிய்யாத்து இருப்பில்தான் பலருக்கு வேதனை. வலது பாதத்தை நட்டுவைத்து விரல்களை மடக்கும்போது அதே நார்ப்பட்டைதான் இழுபடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து வலியைக் கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இப்னு உமர் (ரலி) அவர்கள் சம்மணமிட்டு அமர்ந்ததைப் பார்த்து அவர்களுடைய மகனும் அப்படியே அமர்ந்தபோது, மகனைத் தடுத்துச் சரியான முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்பதைத் தமக்குரிய காரணமாகச் சொன்னார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தராவீஹில் நெடுநேரம் நிற்பவர்கள் தரைவிரிப்பு மெல்லியதாக இருந்தால் கனமான முஸல்லா ஒன்றை எடுத்துச் செல்லலாம்.

வீக்கம், சிவப்பு, காய்ச்சல், மரத்துப்போதல், ஓய்விலும் இரவிலும் விடாத வலி, கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவை இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இளைஞர்களுக்கு இரு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் நெடுநேரம் விறைத்திருந்தால் அது மூட்டுவாத நோயாகவும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு.

இயன்முறை சிகிச்சைக்கு நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். நடமாட முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். விவரத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். நேரில் போகிறவர்கள் தினமும் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பது அவர்களுக்கு ஓரளவு புரிந்துவிடும்.