ஆண்டுக் கணக்கும் ஆய்வுக்கூடங்களும்

கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் தம் காலத்தை ஓரளவு தாமே கூறும். அடுப்புக்கரியும் கருகிய தானியமும் துணித் துண்டும் அவ்வாறு கூறமாட்டா. அவற்றையும் பேச வைக்கும் வழியைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் வில்லார்டு லிபியும் அவர்தம் துணைவர்களும் 1949ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். உயிருள்ளவை யாவும் வாழும் நாள்வரை கதிரியக்கமுள்ள கரியைச் சிறிதளவு ஏற்கின்றன. இறந்தபின் அது தேய்ந்து, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் வயது புலப்படும். இப்பணிக்காக 1960இல் லிபிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும், அளந்தவர் சரியாக அளந்தாரா என்னும் வினா எழாமல் இல்லை. ‘2,500 ஆண்டு, கூடுதல் குறைவு 40’ என்று ஆய்வுக்கூடம் எழுதித் தருகிறது. உண்மை வயது அந்த எல்லைக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புண்டு என்பது அதன் பொருள். இந்த 40 என்னும் எண், ஆய்வுக்கூடம் தன் திறமைக்குத் தானே தரும் நற்சான்று. கடைக்காரர் தம் படிக்கல்லுக்குத் தாமே முத்திரையிட்டுக் கொண்டால் நாம் ஒப்புவோமா?

பிழை நுழையும் வாயில்கள் பல. அளவில் நூற்றில் ஒரு பங்கு தவறினால் வயது 80 ஆண்டு பிசகும். மண்ணிலிருந்தோ கைபட்டோ சேர்ந்த அழுக்கை முற்றும் நீக்காவிடில் கேடு பெரிது. கதிரியக்கக் கரி அறவே ஒழிந்த பழம்பொருளில் இக்காலக் கரி நூற்றில் ஒரு பங்கு கலந்தாலும், அது 37,000 ஆண்டுப் பொருள்போலத் தோன்றிவிடும்.

ஆகவே, ஒரே பொருளைப் பலரிடம் தந்து விடைகளை ஒப்பிடுவதே நேர்மையான வழி. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பங்குகொண்ட அத்தகைய ஒப்பீடு ஒன்றின் முடிவுகள் 1982இல் வெளியாயின. மரவளையங்களிலிருந்து எடுத்த மாதிரிகளை 20 ஆய்வுக்கூடங்கள் அளந்தன. விடைகளுக்கிடையே இருந்த வேற்றுமை, அவர்கள் கூறிய பிழை வரம்புகளைவிட மிகுதியாக இருந்தது. அணுக்களை எண்ணுவதில் வரும் பிழையைப் பலர் கணக்கிட்டனர். மரத்தைத் தூய்மை செய்து பதப்படுத்துவதில் வரும் பிழையைப் போதிய அளவு கணக்கிடவில்லை. அதன்பின் இத்தகைய ஒப்பீடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து நடந்து வந்துள்ளன.

இதன் அருமையை டூரின் நகரத்துத் துணி விளக்கும். இயேசுவின் உடலைப் போர்த்தியது எனப் பலர் போற்றும் அத்துணியிலிருந்து 1988 ஏப்ரலில் சிறு துண்டு வெட்டப்பட்டது. அரிசோனா, ஆக்ஸ்போர்டு, சூரிக் ஆகிய மூவிடத்து ஆய்வுக்கூடங்களும் அதன் பகுதிகளை அளந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மேற்பார்வையிட்டது. காலம் முன்பே அறியப்பட்ட வேறு மூன்று பழந்துணிகளும், எது எதுவெனப் பெயர் குறியாமல், உடன் அனுப்பப்பட்டன. அவையே இங்கு முத்திரைப் படிகள்.

அந்த மூன்று துணிகளிலும் ஆய்வுக்கூடங்கள் ஒத்துப்போயின. டூரின் துணிக்கோ அரிசோனா 646, சூரிக் 676, ஆக்ஸ்போர்டு 750 எனக் கதிர்க்கரி வயது கூறின. எதிர்பார்த்ததைவிட வேறுபாடு சற்றே மிகுதி என்பதை 1989இல் வெளியான அறிக்கையே மறைக்காமல் சொல்லியது. மூன்றையும் இணைத்து, மரவளையக் கணக்கால் திருத்தியபோது, கி.பி. 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலம் நூற்றுக்கு 95 உறுதியுடன் கிடைத்தது. மூல அளவுகள் 2017இல் கிடைத்தபின், அவை தம்முள் போதிய ஒருமை உடையனவல்ல என்று 2019இல் ஒரு மறு ஆய்வு வாதிட்டது.

இந்த நூறாண்டு வேறுபாடு எதைப் பாதிக்கும், எதைப் பாதிக்காது என்று பகுத்துணர வேண்டும். துணி நெய்யப்பட்டது எந்தத் தலைமுறையில் என்று கேட்டால், அவ்வேறுபாடு பெரிது. முதல் நூற்றாண்டா, பதினான்காம் நூற்றாண்டா என்று கேட்டால், அது சிறிது. மூன்று விடைகளுள் ஒன்றேனும் முதல் நூற்றாண்டை அணுகவில்லை.

எந்த நாட்டின் தொன்மையைப் பேசுவோர்க்கும் இதில் பாடமுண்டு. நமக்கு உவப்பான ஆண்டு கிடைத்தவுடன் அதை முழக்குவதும், உவப்பற்றது கிடைத்தால் கருவியைப் பழிப்பதும் வரலாறு ஆகா. யார் அளந்தார், எப்படித் தூய்மை செய்தார், பிறர் அளவோடு அது ஒத்ததா என்று கேட்பதே வரலாற்றறிவின் தொடக்கம்.